எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனுக்கு வரும் சொந்தக்காரர்கள் டவர் பிரிட்ஜில் நின்று படம் எடுத்து முடித்ததும், ஆற்றில் நிற்கும் சாம்பலும் நீலமும் கலந்த பெரிய கப்பலைக் காட்டி ஏதாவது கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளும், உள்ளே போய்விட்டு வந்த பிறகு வந்த கேள்விகளும் இங்கே சேர்ந்திருக்கின்றன.

இது என்ன கப்பல்? எப்படி இங்கே வந்து நிற்கிறது?

இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் சண்டையிட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். தேம்ஸ் ஆற்றில், லண்டன் பிரிட்ஜுக்கும் டவர் பிரிட்ஜுக்கும் நடுவே தென்கரைப் பக்கம் நிற்கிறது. டைட்டானிக்கைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனம்தான் இதையும் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கட்டியது. வேலை தொடங்கியது 1936 டிசம்பரில். 1938 மார்ச் 17 அன்று நீரில் இறக்கினார்கள். 1939 ஆகஸ்ட் 5 அன்று கடற்படையில் சேர்ந்தது. அடுத்த மாதமே போர் வந்துவிட்டது.

நீளம் 187 மீட்டர். மேலும் கீழுமாக ஒன்பது தளங்கள். போர்க்காலத்தில் 900 பேருக்கு மேல்கூட இதில் இருந்திருக்கிறார்கள். 1971-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1978 முதல் இம்பீரியல் வார் மியூசியம் என்ற போர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

குரூசர் என்கிறார்களே, அது எந்த வகை?

பெரும் பீரங்கிகளும் தடித்த கவசமும் கொண்ட பேட்டில்ஷிப்பைவிடச் சிறியது, சிறிய காவல் கப்பலான டிஸ்ட்ராயரைவிடப் பெரியது. வேகமாக ஓடும், நெடுந்தூரம் போகும். சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போவதும், எதிரியின் சரக்குக் கப்பல்களை மறிப்பதும் அதன் வேலை. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானிய எம்டன் இருக்கிறதே, அதுவும் லைட் குரூசர்தான், அதாவது சிறிய பீரங்கிகள் கொண்ட குரூசர். பெல்ஃபாஸ்ட் அதற்குப் பின்வந்த தலைமுறை, உருவத்தில் மிகவும் பெரியது. இந்தியக் கடற்படையில் 1957 முதல் 1985 வரை இருந்த ஐ.என்.எஸ். மைசூரும் இதே காலத்துப் பிரிட்டிஷ் குரூசர். நைஜீரியா என்ற பெயரில் போரில் ஓடிய கப்பலை வாங்கிப் பெயர் மாற்றினார்கள். ஐ.என்.எஸ். மைசூர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு பெல்ஃபாஸ்ட் நல்ல இடம். மைசூரை உடைத்துவிட்டார்கள்.

டிக்கெட் எடுக்க வேண்டுமா? எப்படிப் போவது?

எடுக்க வேண்டும். லண்டனில் பல அருங்காட்சியகங்கள் இலவசம் என்பதால் இதையும் அப்படி நினைத்து வந்து முழிக்கிறவர்கள் உண்டு. கட்டணமும் திறக்கும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்புமுன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்து, அங்கேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தால் சில நிமிட நடை. எதிர்க்கரையில் டவர் ஹில் ஸ்டேஷனில் இறங்கி, டவர் பிரிட்ஜைக் கடந்தும் வரலாம். கப்பலை முழுதாகப் படம் எடுக்க வேண்டுமென்றால் இரண்டாவது வழி நல்லது.

எவ்வளவு நேரம் ஆகும்? எங்கிருந்து தொடங்கலாம்?

இரண்டு மணி நேரம் குறைந்தபட்சம். நின்று படித்துப் பார்க்கிறவர்களுக்கு மூன்று மணி நேரமும் போதாது.

எல்லோரும் ஏறியதும் செய்வது, நேராகப் பீரங்கிகளைப் பார்க்கப் போவது. அப்புறம் மேலே கேப்டன் நிற்கும் பிரிட்ஜ் வரைக்கும் ஏறுவார்கள். அதற்குள் கால் ஓய்ந்துவிடும். கீழே இருப்பதை அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். என் யோசனை இதற்கு நேர்மாறானது. முதலில் அடித்தளத்துக்கு இறங்குங்கள். பாய்லர் அறை, எஞ்சின் அறை, வெடிமருந்துக் கிடங்கு, பிறகு மாலுமிகள் தூங்கிய இடம், சமையலறை, கடைசியாகப் பீரங்கியும் பிரிட்ஜும். இந்தக் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சண்டை நடந்தபோது கடலையே பார்க்கவில்லை. அவர்கள் கீழே இருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் நின்று பார்த்துவிட்டு மேலே வந்தால்தான் பீரங்கிகள் எதனால் இயங்கின என்று புரியும்.

பாய்லர் அறையில் அப்படி என்ன இருக்கிறது?

செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். இறங்கி நிற்கும் இடம் ஆற்றின் நீர்மட்டத்துக்குக் கீழே. தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் குழாய்கள். ஒன்றைச் சுற்றி இன்னொன்று போகும். கைச்சக்கர வால்வுகள், பித்தளை விளிம்பு போட்ட அழுத்தமானிகள். எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்த அறைக்குள் விசிறிகள் காற்றை அழுத்தி அடைக்கும். அதனால் இரட்டைக் கதவு. ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் அடுப்புத் தீ வெளியே பாயும்.

நான்கு பாய்லர்கள், நான்கு டர்பைன்கள், மொத்தம் 80,000 குதிரைத்திறன். மணிக்கு 32 கடல் மைல், அதாவது 59 கிலோமீட்டர் வேகம். பாய்லர் அறை, எஞ்சின் அறை, மறுபடி பாய்லர் அறை, எஞ்சின் அறை என்று மாற்றி மாற்றி அமைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் அடி விழுந்து வெள்ளம் புகுந்தாலும் மற்ற பாதி ஓடும் என்பது கணக்கு. அடிபட்ட பாதியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை என்பதும் அங்கே நிற்கும்போது உறைக்கிறது.

வெடிமருந்துக் கிடங்கும் இப்படித்தான். தீப்பிடித்தால் கப்பலே வெடித்துவிடாமல் இருக்க அந்த அறைக்குள் கடல்நீரைத் திறந்துவிடும் ஏற்பாடு உண்டு. உள்ளே ஆட்கள் இருந்தாலும் திறந்துவிட வேண்டியதுதான். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் இறங்கினார்கள்.

பீரங்கிகள் இப்போது எந்தப் பக்கம் குறி வைத்திருக்கின்றன?

நான்கு கோபுரங்கள், கோபுரத்துக்கு மூன்று என்று ஆறு அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டு. முன்பக்கத்துப் பீரங்கிகளைச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, எம்1 நெடுஞ்சாலையில் இருக்கும் லண்டன் கேட்வே சர்வீஸ் நிலையத்தை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். கார்க்காரர்கள் டீ குடிக்க நிற்கும் இடம். அந்தத் தொலைவைச் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் சரியாகப் புரியும். ஒரு குண்டின் எடை 51 கிலோ. ஒரு பீரங்கி நிமிடத்துக்கு எட்டுக் குண்டு வரை சுடும்.

நார்மண்டித் தரையிறக்கத்தில் இந்தக் கப்பல் என்ன செய்தது?

1944 ஜூன் 6 அதிகாலை 5.27-க்குச் சுடத் தொடங்கியது. பிரான்சின் நார்மண்டியில் கோல்டு, ஜூனோ என்று பெயரிட்ட கடற்கரைகளில் இறங்கப்போகும் பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்காக, கரையில் இருந்த ஜெர்மானியப் பீரங்கித் தளத்தை அடக்குவது அதன் வேலை. பிறகு ஐந்து வாரங்கள் அந்தக் கடலோரத்தில் நின்று இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஆறு அங்குலக் குண்டுகளைச் சுட்டது. அந்த அதிர்வில் கப்பலின் கழிப்பறைப் பீங்கான்களே விரிசல் விட்டன. கரையில் காயம்பட்டவர்களைப் படகில் கொண்டுவந்து இதே கப்பலின் மருத்துவ அறையில் வைத்துப் பார்த்தார்கள்.

சர்ச்சில் அன்றைக்கு இந்தக் கப்பலில் ஏறி நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மன்னர் ஆறாம் ஜார்ஜ் கடிதம் எழுதித் தடுத்தார்.

இது ஒருமுறை உடைந்துபோன கப்பல் என்கிறார்களே?

உண்மைதான். 1939 நவம்பர் 21. போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் போய்க்கொண்டிருந்தபோது கடலடியில் ஜெர்மானியர்கள் விதைத்திருந்த காந்தக் கண்ணிவெடி வெடித்தது. காந்தக் கண்ணிவெடி கப்பலை முட்டத் தேவையில்லை. இரும்பு மேலே கடந்து போவதை உணர்ந்தாலே வெடிக்கும். வெளித்தகட்டில் பெரிய ஓட்டை எதுவும் விழவில்லை. ஆனால் கீழிருந்து வந்த அந்த உதையில் கப்பலின் அடித்தண்டு உடைந்து, உள்ளிருந்த இயந்திரங்கள் எல்லாம் இடம்பெயர்ந்துவிட்டன. ஒருவர் இறந்தார், 46 பேருக்குக் காயம்.

உடைத்துப் பழைய இரும்பாக்கிவிடலாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் பழுதுபார்க்க முடிவு செய்தார்கள். திரும்பக் கடலுக்கு வர 1942 நவம்பர் ஆகிவிட்டது. பக்கங்களைப் புடைக்க வைத்து அகலப்படுத்தினார்கள், ரேடாரைப் புதுப்பித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த ரேடார்தான் கை கொடுத்தது.

ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற பெயரைக் கப்பல் முழுக்கப் பார்த்தேன். என்ன கதை அது?

சோவியத் ஒன்றியத்துக்கு டாங்கி, விமானம், உணவு எல்லாம் கடல் வழியாக வட ரஷ்யத் துறைமுகமான மூர்மன்ஸ்க் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சரக்குக் கப்பல்கள் தொடரணியாக, அதாவது கூட்டமாகப் போகும், போர்க்கப்பல்கள் சுற்றி வரும். வட துருவத்தை ஒட்டிய கடல். குளிர்காலத்தில் சூரியனே எழாது. அலைத்துளி மேல்தளத்தில் விழுந்ததும் உறையும். பனி ஏறி ஏறி மேற்பாரம் கூடினால் கப்பல் கவிழும். அதனால் மாலுமிகள் முறை வைத்துக்கொண்டு கோடரியாலும் நீராவியாலும் பனியைப் பெயர்த்துத் தள்ள வேண்டும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

1943 கிறிஸ்துமஸ் அன்று, நார்வேயில் பதுங்கியிருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் ஷார்ன்ஹார்ஸ்ட் இப்படி ஒரு தொடரணியைத் தாக்கக் கிளம்பியது. மறுநாள் காலை இருட்டில் அதை முதலில் ரேடாரில் பிடித்தது பெல்ஃபாஸ்ட். அதிலிருந்தபடி வைஸ் அட்மிரல் பர்னெட் தலைமை தாங்க, நார்ஃபோக், ஷெஃபீல்டு என்ற மற்ற இரண்டு குரூசர்களும் சேர்ந்து தொடரணிக்கும் ஷார்ன்ஹார்ஸ்டுக்கும் நடுவில் நின்றன. ஷார்ன்ஹார்ஸ்டின் பீரங்கி 11 அங்குலம், இவற்றின் பீரங்கி ஆறும் எட்டும்தான். இரண்டு முறை மோதித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போகும் கப்பலை பெல்ஃபாஸ்ட் மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, அது எங்கே போகிறது என்று டியூக் ஆஃப் யார்க் என்ற பெரிய போர்க்கப்பலுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. மாலையில் வழியை மறித்தார்கள். வானத்தில் வெளிச்சக் குண்டுகளைச் சுட்டுப் பகலாக்கிவிட்டு அடித்தார்கள். இரவு 7.45 அளவில் ஷார்ன்ஹார்ஸ்ட் மூழ்கியது.

அதில் இருந்தவர்கள் 1,968 பேர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 36 பேர்.

ஒரு பக்கத்துக்கு வெற்றி என்பதால் மறுபக்கத்து எண்ணை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. பாய்லர் அறைக்கு முதலில் இறங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. ஷார்ன்ஹார்ஸ்டிலும் அதே போன்ற அறைகள் இருந்தன, அதே வயதுப் பையன்கள் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

கப்பலின் இப்போதைய இரண்டு பாய்மரங்களையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். பழையவை துருப்பிடித்துப் போனதால், அந்தத் தொடரணிகளுக்கு நன்றியாக ரஷ்ய நிறுவனங்கள் செய்து கொடுத்து 2010-இல் நிறுத்தியவை அவை.

மாலுமிகள் எங்கே தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள்?

சாப்பிடும் மேசைக்கு மேலேயே தூங்கினார்கள். கூரையில் உள்ள கொக்கிகளில் கான்வாஸ் தூளியைக் கட்டி, தோளோடு தோள் இடிக்கப் படுப்பார்கள். கப்பல் ஆடும்போது எல்லாத் தூளியும் ஒன்றாக ஆடும். காலையில் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட வேண்டும். அன்றைய முறையில் ஒவ்வொரு மேசைக்காரர்களும் காய் நறுக்கி, மாவு பிசைந்து, பாத்திரத்தை மையச் சமையலறைக்குக் கொண்டுபோய் வேகவைத்து வாங்கி வர வேண்டும். 1956-க்கும் 1959-க்கும் இடையில் கப்பலைப் புதுப்பித்தபோதுதான் கட்டில்களும் பொதுச் சாப்பாட்டுக்கூடமும் வந்தன. அதனால் இன்றைக்கு ஒரே கப்பலில் இரண்டு காலமும் தெரியும். ஓர் அறையில் தூளி, இன்னோர் அறையில் கட்டில். நாம் பார்க்கும் பிரிட்ஜும் போர்க்காலத்துத் திறந்தவெளிப் பிரிட்ஜ் அல்ல, பின்னால் மூடிக் கட்டியது.

ரொட்டி சுடும் அறை, துணி வெளுக்கும் அறை, பல் மருத்துவர் நாற்காலி, தண்டனைக் கொட்டடி எல்லாம் உண்டு. எனக்கு ரொட்டி அறை பிடிக்கும். ஆயிரம் பேருக்கு அருகில் இருந்த ஒரு கூட்டத்துக்கு அந்தச் சின்ன இடத்தில் ரொட்டி சுட்டிருக்கிறார்கள்.

சிறுவர்களுக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு. சோவியத் கடற்படை அட்மிரல் பர்னெட்டுக்கு ஓல்கா என்ற கலைமானைப் பரிசாகக் கொடுத்தது. விமானக் கொட்டகையில் கட்டி வைத்தார்கள். முடிவு மட்டும் சோகமானது: ஷார்ன்ஹார்ஸ்ட் சண்டையில் பீரங்கிச் சத்தம் தாங்காமல் வெறிபிடித்ததால் சுட வேண்டியதாயிற்று. சின்னப் பிள்ளைகளுக்கு எதுவரை சொல்வது என்பது உங்கள் முடிவு.

வெள்ளைக்காரன் சாம்ராஜ்யத்தைக் காத்த கப்பல்தானே? நாம் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்?

நியாயமான கேள்வி. இதைக் கேட்காமல் பார்ப்பதைவிடக் கேட்டுக்கொண்டே பார்ப்பது மேல். 1946 பிப்ரவரியில் பம்பாயில் இந்திய மாலுமிகள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை அடக்க இலங்கையிலிருந்து பிரிட்டன் அனுப்பிய கப்பல் கிளாஸ்கோ. அது பெல்ஃபாஸ்டின் மூத்த சகோதரி போல, ஊர்ப் பெயர்களைச் சூட்டிய இதே ‘டவுன்’ வகைக் குரூசர். ஹிட்லரின் படைகளுக்கு எதிராக நார்மண்டியில் சுட்ட கப்பல்தான் கிளாஸ்கோவும். இரண்டும் ஒரே கப்பல் செய்த வேலைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பெல்ஃபாஸ்டும் 1960 வாக்கில் கிழக்குக் கடல்களில் சுற்றியபோது இந்தியா, இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுப் போனது. அப்போது இரண்டும் சுதந்திர நாடுகள்.

கொரியப் போர் பகுதியிலும் ஒரு பெயரைத் தேடுங்கள். அந்தப் போரில் பெல்ஃபாஸ்ட் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆறு அங்குலக் குண்டுகளைச் சுட்டது. 1952 ஜூலையில் எதிரியின் குண்டு ஒன்று கப்பலைத் தாக்கியதில் இறந்தவர் லாவ் சோ என்ற சீன மாலுமி. மேலும் நான்கு பேர் காயமடைந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் சமையல், துணி வெளுப்பு போன்ற வேலைகளை ஆசிய ஆட்கள் பார்த்தார்கள் என்பதைப் பலர் அறிவதில்லை.

மற்ற கப்பல்களை எல்லாம் உடைத்துவிட்டு இதை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள்?

விட்டுவைக்கவில்லை, போராடி மீட்டார்கள். 1963-இல் பணியை நிறுத்தியது. பிரிட்டனின் கடைசிப் பேட்டில்ஷிப்பான வேன்கார்டு 1960-லேயே உடைக்கும் தளத்துக்குப் போயிருந்தது. இம்பீரியல் வார் மியூசியத்துக்கு முதலில் இருந்த யோசனை, வேறொரு குரூசரின் பீரங்கிக் கோபுரம் ஒன்றை மட்டும் எடுத்து வைப்பது. அப்புறம் முழுக் கப்பலையே காப்பாற்றினால் என்ன என்று பெல்ஃபாஸ்ட் பக்கம் திரும்பினார்கள். 1971-இல் அரசு முடியாது என்று கைவிரித்தது. அப்போது இந்தக் கப்பலின் முன்னாள் கேப்டனும் நாடாளுமன்ற உறுப்பினருமான மார்கன் மார்கன்-கைல்ஸ் தலைமையில் ஒரு அறக்கட்டளை அமைத்து, அரசிடம் பேசி வாங்கி, அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று திறந்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு விக்ராந்த் நினைவு வராமல் இருப்பதில்லை. 1971 போரில் வங்கக் கடலில் நின்ற நமது முதல் விமானந்தாங்கிக் கப்பல். மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க ஆளில்லாமல் 2014-இல் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். கப்பலைக் காப்பதற்குப் பெரும் செலவு ஆகும் என்பது உண்மை. உப்பும் துருவும் ஒருநாளும் விடுப்பு எடுக்காது. ஆனாலும் அது போயிருக்கக் கூடாது. விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்க்காதவர்கள் அதையாவது போய்ப் பாருங்கள்; அதுவும் 1971 போரில் அரபிக்கடலில் இருந்தது.

வயதானவர்கள், குழந்தைகள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் பார்க்க முடியுமா?

ஓரளவு. மேல்தளத்திலும் நடுத்தளத்தின் சில பகுதிகளிலும் பார்க்கலாம். பாய்லர் அறையும் பிரிட்ஜும் ஏணியில் மட்டுமே. முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தி இறக்காதீர்கள். இறங்குவதைவிட ஏறுவது கஷ்டம். ஏணியில் முகத்தை ஏணிப் பக்கம் திருப்பிக்கொண்டு இறங்க வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கைக்குழந்தையோடு கீழ்த்தளம் வேண்டாம். சேலை, வேட்டி, நீண்ட பாவாடை எதுவும் இந்த ஏணிகளுக்குச் சரிப்படாது. சுரிதாரோ பேண்ட்டோ, பிடிப்புள்ள ஷூவோடு வாருங்கள். உயரமானவர்கள் கதவு நிலைகளில் தலையையும், எல்லோரும் நிலைப்படியில் காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் பரவாமல் இருக்க எல்லா வாசலுக்கும் உயரமான இரும்புப் படி உண்டு.

கோடையில் உள்ளே புழுக்கம், குளிர்காலத்தில் இரும்புக் குளிர்.

பார்த்து முடித்த பிறகு பக்கத்தில் வேறு எங்கே போகலாம்?

லண்டன் கோட்டை (டவர் ஆஃப் லண்டன்) எதிர்க்கரையில் இருக்கிறது, அது தனி நாளுக்கு. அன்றைக்கே போக வேண்டிய இடம் டவர் ஹில் ஸ்டேஷன் அருகே டிரினிட்டி ஸ்குவேர் பூங்காவில் உள்ள வணிகக் கப்பல் மாலுமிகள் நினைவிடம். பெல்ஃபாஸ்ட் காவல் போனதே அவர்களுக்காகத்தான். இரண்டு உலகப் போர்களிலும் கடலில் மறைந்து, கல்லறையே இல்லாமல் போன பல்லாயிரம் பேரின் பெயர்களைக் கப்பல் வாரியாக வெண்கலத்தில் பொறித்திருக்கிறார்கள். அதே வணிகக் கப்பல்களில் பாய்லருக்கும் சமையலுக்கும் இருந்த இந்திய மாலுமிகளின் பெயர்களைப் பெரும்பாலும் அங்கே பார்க்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் அப்படி இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடு சிட்டகாங்கிலும் மும்பையிலும் இருக்கிறது. லண்டன் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. டவர் பிரிட்ஜ் வழியாக நடந்தால் கப்பலிலிருந்து கால் மணி நேரம்.